ஒரே டேட்டாபேஸ், ஒரே சர்வர். பேக்கப் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் இழுக்கிறது?

கேள்வி:

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் நான்தான் பார்க்கிறேன். நெல் கொள்முதல், எடைமேடை, அரிசி விற்பனை, கணக்கு எல்லாம் எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளில், ஒரே டேட்டாபேஸில் ஓடுகின்றன. மொத்தம் 120 ஜிபி. அதில் 85 ஜிபி, எடைமேடையில் ஒவ்வொரு லாரியையும் கேமரா பிடிக்கும் படங்கள். ஆறு வருஷமாகச் சேர்ந்தவை. தினமும் இரவு 10 மணிக்கு முழு பேக்கப் எடுக்கிறேன். சர்வருக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் எழுதினால் 16 நிமிடம். வளாகத்தின் மறுகோடியில் முதலாளி வீட்டில் இருக்கும், நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியான நாஸுக்கு எழுதினால் 3 மணி நேரம். கையடக்க 4 டிபி யூஎஸ்பி டிஸ்க்கில் ஒருநாள் ஒன்றரை மணி நேரம், மறுநாள் நாலு மணி நேரம். கிளவுடுக்கும் விட்டுப் பார்த்தேன். காலை 6 மணிக்கு மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை, நிறுத்திவிட்டேன். தை, மாசியில் ராத்திரியிலும் லாரி வந்துகொண்டே இருக்கும். நாஸுக்கு பேக்கப் ஓடும்போது எடைச்சீட்டு வரத் தாமதமாகிறது என்று எடைமேடையில் இருப்பவர்கள் கோபப்படுகிறார்கள். எஸ்எஸ்டி போட்ட புது நாஸ் வாங்கிவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். நேரம் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? எதை வாங்கச் சொல்லட்டும்?

பதில்:

வணக்கம். முதலாளி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பணம் இருக்கிறது. புது நாஸ் இப்போது வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால், எஸ்எஸ்டி போட்ட நாஸ் வந்து உட்கார்ந்தாலும் அதே 3 மணி நேரம்தான் ஆகும்.

எப்படிச் சொல்கிறேன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 120 ஜிபியை 3 மணி நேரத்தால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 11 எம்பி வருகிறது. இந்த 11 என்ற எண்ணைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் நாஸ் மேல் போகவில்லை, கேபிள் மேல் போனது. நெட்வொர்க் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், ஃபைல் அளவைப் பைட்டில் சொல்வோம். எட்டு பிட் ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பு என்றால் கணக்குப்படி 12.5 எம்பி, இடையில் நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போகக் கையில் கிடைப்பது 11 சொச்சம். அதாவது உங்கள் நாஸுக்குப் போகும் வழியில் எங்கோ ஒரு துண்டு, கிகாபிட்டில் (1000 மெகாபிட்) ஓட வேண்டியது 100 மெகாபிட்டில் ஓடுகிறது. அதைச் சரிசெய்தால் நொடிக்கு 110 எம்பி வரைக்கும் போகும். மூன்று மணி நேரம் 18 அல்லது 20 நிமிடமாகும். சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு போட்ட நாஸே அந்த வேகத்தில் எழுதிவிடும்.

இனி உங்கள் பொதுவான கேள்விக்கு வருகிறேன். பேக்கப் என்பது ஒரே வேலை போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வேலை நடக்கிறது. டேட்டா ஃபைலிலிருந்து படிப்பது, படித்ததை மெமரியில் ஒரு இடைத்தொட்டியில் வைத்துக் கட்டுவது, கட்டியதைக் கொண்டுபோய் எழுதுவது. எழுதும் பக்கம் மெதுவானால் இடைத்தொட்டி நிரம்பிவிடும். அதன்பிறகு படிக்கும் பக்கம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் காத்து நிற்க வேண்டியதுதான். உங்கள் மில்லில் டிரையர் எவ்வளவு வேகமாகக் காயவைத்தாலும், உமி நீக்கும் ஷெல்லர் இழுத்தால்தானே அதிலிருந்து நெல் இறங்கும், அதே விஷயம்தான். இரண்டாவது டிஸ்க்கில் 16 நிமிடத்தில் முடிகிறதே, அப்போது நொடிக்கு 125 எம்பி போகிறது. ஆகவே சர்வரால் குறைந்தது அந்த வேகத்தில் படிக்க முடியும் என்று உங்கள் கடிதமே நிரூபித்துவிட்டது. டேட்டாபேஸ் மேல் குற்றமில்லை. ஒவ்வொரு இடத்திலும் எழுதும் பக்கம் வேறு வேறு காரணத்துக்காகத் திணறுகிறது.

படிக்கும் பக்கத்தின் உண்மையான உச்சம் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பேக்கப் கட்டளையில் ஃபைல் பெயர் கொடுக்கும் இடத்தில் 'நல்' என்று கொடுத்தால், சர்வர் எல்லாவற்றையும் படித்துவிட்டு எங்கும் எழுதாமல் தூக்கிப் போட்டுவிடும். முடிவில் நொடிக்கு எத்தனை எம்பி என்று வரும் எண்தான் உங்கள் மேல் வரம்பு. இதில் ஒரு எச்சரிக்கை: 'காப்பி ஒன்லி' என்பதைச் சேர்க்காமல் இதை ஓட்டவே கூடாது. சேர்க்காவிட்டால் சர்வர் அதையும் ஒரு உண்மையான முழு பேக்கப்பாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும். பிறகு எடுக்கும் டிஃபரன்ஷியல் (முழு பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) எல்லாம், எங்குமே இல்லாத அந்த பேக்கப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளும். லாக், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவேடு; அதன் பேக்கப்பை 'நல்'லுக்கு அனுப்பவே கூடாது, ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடரும் லாக் பேக்கப்களின் சங்கிலி அறுந்துவிடும்.

பழைய பேக்கப் எல்லாவற்றின் நேரமும் எஸ்க்யூஎல் சர்வர் தன் சொந்தக் குறிப்புகளுக்காக வைத்திருக்கும் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் பேக்கப்செட் என்ற டேபிளில் பதிவாகியிருக்கும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அளவு மூன்றையும் எடுத்து, எங்கே எழுதியது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த நாளிலிருந்து 11 எம்பிக்கு இறங்கியது என்று தெரிந்தால், அந்த நாளில் வளாகத்தில் யார் வந்து எந்த வயரைத் தொட்டார்கள் என்று கேட்டால் போதும்.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மில் வளாகங்களில் இது அடிக்கடி வரும் வியாதி. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். எட்டில் ஒரு கம்பி எலி கடித்தோ, முனையில் களிம்பேறியோ, சரியாகக் கிரிம்ப் ஆகாமலோ போனால் பல சமயம் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். எதுவும் அறுபடாது, எந்தப் பிழைச் செய்தியும் வராது, நாஸ் திறக்கும், ஃபைல் தெரியும். பேக்கப் மட்டும் பத்து மடங்கு இழுக்கும். இன்னொன்றும் பார்த்துவிடுங்கள்: கேமரா மாட்ட வந்தவர்கள், புதுக் கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு, இருக்கும் கேபிளிலேயே இரண்டு ஜோடியைப் பிரித்து எடுத்துக் கேமராவுக்குக் கொடுத்துவிட்டுப் போவது உண்டு. அப்படிச் செய்திருந்தால் மிச்ச இரண்டு ஜோடியில் கிகாபிட் வரவே வராது.

எங்கே இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். சர்வரின் நெட்வொர்க் இணைப்பின் நிலையைத் திறந்தால் அங்கேயே வேகம் எழுதியிருக்கும். நாஸின் நிர்வாகப் பக்கத்திலும் இருக்கும். நடுவில் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒவ்வொன்றும் கிகாபிட்தானா என்று அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். பழைய 10/100 ஸ்விட்ச் ஒன்று ஏதாவது அலமாரிக்குப் பின்னால் தூசிக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எடைமேடையின் தாமதத்தில் ஒரு துப்பு இருக்கிறது. நாஸுக்கு எழுதும்போதுதான் தாமதம் என்கிறீர்கள். உள் டிஸ்க்குக்கு எழுதும் 16 நிமிடத்தில் அந்தத் தாமதம் இல்லையென்றால், சர்வர் படிப்பதால் வரும் சுமை காரணமில்லை. சர்வரிலிருந்து முதல் ஸ்விட்ச்சுக்குப் போகும் கேபிளே 100ல் ஓடுகிறது, அதை பேக்கப் முழுக்க அடைத்துக்கொள்கிறது, எடைமேடைக் கம்ப்யூட்டரின் கேள்வியும் அதே வழியில் வரிசையில் நிற்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அந்த ஒரு துண்டு கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டு புகாரும் ஒரே நேரத்தில் தீர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

முதலாளி வீடு வளாகத்தின் மறுகோடியில் என்கிறீர்கள். செப்புக் கேபிளுக்கு ஒரே இழுவையில் 100 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டியிருந்தால், ஏன் தாண்டாவிட்டாலும்கூட, இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஃபைபர் போடச் சொல்வேன். வேகம் ஒரு காரணம். இடி இன்னொரு காரணம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி இறங்கும்போது, வெட்டவெளியில் போகும் செப்பு வயர் வழியாக அந்த அதிர்ச்சி சர்வரையும் நாஸையும் சேர்த்தே சுட்டுவிடும். அசலும் நகலும் ஒரே நொடியில் போவதற்கு அதைவிட நேர்வழி கிடையாது. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனையிலும் கிகாபிட் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) ஒவ்வொன்று, அவற்றுக்கும் நாஸுக்கும் யூபிஎஸ். முதலாளி எஸ்எஸ்டி நாஸுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை இங்கே செலவழித்தால் பலன் தெரியும்.

யூஎஸ்பி டிஸ்க் வேறு கதை. ஒருநாள் ஒன்றரை மணி, மறுநாள் நாலு மணி என்று எழுதியதுதான் முக்கியமான தகவல். போர்ட் யூஎஸ்பி 2.0 ஆக இருந்தால் நொடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் வராது, ஆனால் அது தினமும் ஒரே மாதிரி மெதுவாக இருக்கும். 120 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். உங்களுடையது நாளுக்கு நாள் மாறுகிறது, அதுவும் அதைவிட மோசமாக. ஆகவே டிஸ்க்கின் உள்ளமைப்புதான் காரணமாக இருக்க வேண்டும். கையடக்க 4 டிபி டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை. ஒரே தட்டில் அதிகம் அடைப்பதற்காக, ஒரு தடத்தின் ஓரம் அடுத்த தடத்தின் மேல் ஏறும்படி எழுதுவார்கள். படிக்கும்போது சிக்கல் இல்லை. ஏற்கெனவே எழுதிய இடத்தில் திரும்ப எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துப் படித்து, சேர்த்து எழுத வேண்டும். அதை மறைக்க டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தைச் சாதாரண முறையில் ஒதுக்கி, வருவதை முதலில் அங்கே வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளே அடுக்கும். அந்த இடம் நிரம்பும்வரை 100 எம்பிக்கு மேல் பறக்கும். நிரம்பிய பிறகு வருவதை வாங்கவும் வேண்டும், பழையதை அடுக்கவும் வேண்டும். வேகம் நொடிக்குப் பத்து, இருபது எம்பிக்குக்கூட விழும்.

நேற்று பேக்கப் முடிந்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டீர்களா? அப்படியானால் அடுக்கும் வேலை பாதியில் நிற்கும். இன்று மாட்டியவுடன் புது 120 ஜிபியைத் தலையில் கொட்டுகிறீர்கள். அன்றுதான் நாலு மணி நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். எழுதி முடித்த பிறகு ஓரிரு மணி நேரம் மின்சாரத்தோடு விட்டுவைத்துக் கழற்றிப் பாருங்கள், மறுமுறை வித்தியாசம் தெரியும்.

விண்டோஸில் யூஎஸ்பி டிஸ்க்குக்கு எழுதுவதை முதலில் மெமரியில் தேக்கிவைக்கும் கேஷை இயக்கிவிட்டால் வேகமாகும் என்று யாராவது சொல்வார்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதைச் செய்யாதீர்கள்.

இதற்காக யூஎஸ்பி எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தாலும் ஒரு விஷயம். விலை குறைந்த எஸ்எஸ்டிகளிலும் இதே தந்திரம் உண்டு. வேகமாக எழுதும் பகுதி ஒன்று சிறிதாக இருக்கும், அது நிரம்பினால் வேகம் சரிந்துவிடும். கடையில் 1 ஜிபி ஃபைலை இழுத்துப் போட்டுக் காட்டுவார்கள். அது விண்டோஸின் மெமரிக்குள்ளேயே அடங்கிவிடும் சோதனை. எந்த டிஸ்க்கையும் உங்கள் பேக்கப் அளவுக்கு, அதாவது 100 ஜிபிக்கு மேல், ஒரே ஃபைலாக எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் 'ஜே' என்ற குறியைச் சேர்த்து நகலெடுத்தால் விண்டோஸ் கேஷின் ஏமாற்று இல்லாமல் உண்மை வேகம் தெரியும்.

கிளவுட் பற்றிச் சுருக்கமாகப் போதும். எட்டு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை என்றால் உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் 10 மெகாபிட் சுமார். இணைப்பு 100 மெகாபிட் என்று விற்றிருந்தாலும் அது இறக்கும் வேகமாக இருக்கலாம். 10 மெகாபிட்டில் 120 ஜிபி ஏற 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் அடங்காத வேலையைத் தினமும் செய்யச் சொன்னால் எந்தக் கருவியாலும் முடியாது.

இப்போது நான் உண்மையில் வற்புறுத்திச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக பேக்கப் எடுப்பதை நிறுத்துங்கள். சர்வரின் இரண்டாவது டிஸ்க்கில் ஒரே ஒருமுறை எடுங்கள். 16 நிமிடத்தில் டேட்டாபேஸின் வேலை முடிந்துவிடும். அந்த ஃபைலை நாஸுக்கும், யூஎஸ்பிக்கும், கிளவுடுக்கும் நகலெடுங்கள். நகல் மூன்று மணி நேரம் ஆனாலும் முப்பது மணி நேரம் ஆனாலும் டேட்டாபேஸுக்கு அதனால் சங்கடம் இல்லை.

இதில் நேரம் மட்டும் மிச்சமாகவில்லை. முழு பேக்கப் ஓடி முடியும்வரை எஸ்க்யூஎல் சர்வர் லாகைக் காலி செய்யாது, ஏனென்றால் படிக்கத் தொடங்கிய நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் நடுவில் நடந்த மாற்றங்களையும் பேக்கப்போடு சேர்க்க வேண்டும். இடையில் லாக் பேக்கப் எடுத்தாலும் இடம் விடுபடாது. பேக்கப் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு லாக் வீங்கும். அடுத்தது, நேராக நாஸுக்கு எழுதும்போது இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு நொடி கரண்ட் போய் ஸ்விட்ச் அணைந்து எரிந்தால் அந்த பேக்கப் முழுக்க வீண், மறுபடி முதலிலிருந்து. ஃபைல் நகலில் அப்படி இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ரோபோகாப்பியில் வசதி உண்டு; கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. அதோடு, மூன்று இடத்துக்கும் தனித்தனியாக எடுத்தால் மூன்றும் மூன்று வேறு நேரத்தின் நகல். ஒரே ஃபைலின் நகல் என்றால் எது எதற்குச் சமம் என்ற குழப்பமே வராது.

உள் டிஸ்க்கில் உள்ளதை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். சர்வரோடு அதுவும் போகும். வெளியே ஒரு நகல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அன்றைய வேலை முடிந்ததாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எதைச் சுமக்கிறோம் என்ற கேள்வி. 120 ஜிபியில் 85 ஜிபி படங்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய சம்பாவில் வந்த ஒரு லாரியின் படம் இனிமேல் மாறப்போவதில்லை. அதை ஒவ்வொரு இரவும் தூக்கிக்கொண்டு நாஸுக்கு நடக்கிறீர்கள். ஞாயிறு ஒருமுறை முழு பேக்கப், மற்ற நாளில் டிஃபரன்ஷியல் என்று மாற்றுங்கள். டிஃபரன்ஷியல், கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டும் எடுக்கும். ஒரு நாளில் உங்கள் மில்லில் மாறுவது சில ஜிபிக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. 3 ஜிபி என்று வைத்துக்கொண்டால் உங்கள் 10 மெகாபிட் இணைப்பிலேயே 40 நிமிடத்தில் கிளவுடுக்குப் போய்விடும். 26 மணி நேரமாக இருந்த மலை கரைந்துவிடும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் தினமும் இரவு எல்லா இண்டெக்ஸையும் (தேடலை வேகமாக்கும் குறிப்பு வரிசை) ரீபில்ட் செய்யும், அதாவது புதிதாகக் கட்டும் ஒரு வேலையை அட்டவணையில் வைத்திருக்கலாம். ரீபில்ட் செய்தால் அந்தப் பக்கங்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டதாகக் கணக்கு; டிஃபரன்ஷியல் பெருத்துவிடும். ரீபில்ட்டை ஞாயிறு முழு பேக்கப்புக்கு முன்னால் தள்ளிவிடுங்கள்.

கம்ப்ரஷன் பற்றி நீங்கள் எழுதவில்லை. 120 ஜிபி டேட்டாபேஸ் என்றால் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பாக இருக்க வழியில்லை. 2022 பதிப்புவரை அதன் எல்லை 10 ஜிபி. ஸ்டாண்டர்ட் பதிப்பில் 2008 ஆர்2 முதலே பேக்கப் கம்ப்ரஷன் உண்டு, ஆனால் தானாக இயங்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும். இயக்குங்கள். கணக்கு, கொள்முதல், இருப்பு இவற்றின் 35 ஜிபி நன்றாகச் சுருங்கும். படங்கள் சுருங்காது, ஜேபெக் ஏற்கெனவே பிழிந்த சக்கை. 120 ஜிபி 30 ஜிபி ஆகும் என்று எங்காவது படித்துவிட்டு ஏமாற வேண்டாம்.

இன்னும் ஒரு படி மேலே போக விருப்பமிருந்தால், முடிந்துபோன பருவங்களின் படங்களைத் தனி ஃபைல்குரூப்புக்கு (டேட்டாபேஸுக்குள் தனியாகப் பிரித்த ஃபைல் தொகுதி) நகர்த்தி, அதை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம். அதற்கு ஒருமுறை பேக்கப் எடுத்து இரண்டு மூன்று இடத்தில் பத்திரப்படுத்திவிட்டால், வாரா வாரம் எழுதப்படும் ஃபைல்குரூப்புகளை மட்டும் எடுத்தால் போதும். 120 ஜிபி ஐம்பது சொச்சமாகிவிடும். ஆனால் இதைத் தனியாகச் செய்ய முனையாதீர்கள். டேபிளின் வரிசைகளையே அடுக்கி வைக்கும் கிளஸ்டர்ட் இண்டெக்ஸைப் புது ஃபைல்குரூப்பில் ரீபில்ட் செய்தால் டேபிள் நகர்ந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். டேபிளில் எண், எழுத்து போன்றவை இருக்கும் சாதாரணப் பத்திகள் நகரும், படம் போன்ற பெரிய பத்திகள் பழைய இடத்திலேயே நிற்கும். பெரிய பத்திகளுக்கான இடத்தைப் புது ஃபைல்குரூப்பில் என்று குறித்து ஒரு புது டேபிள் உருவாக்கி, அதற்குள் நகலெடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் கொடுத்தவரைக் கூட வைத்துக்கொண்டு, பருவம் ஓய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் செய்யுங்கள்.

பஃபர் எண்ணிக்கை, ஒரே தடவையில் அனுப்பும் அளவு, பேக்கப்பைப் பல ஃபைலாகப் பிரித்து எழுதுவது என்று திருகுவதற்கு இன்னும் நிறைய இருக்கின்றன. இப்போதைக்கு எதையும் தொட வேண்டாம். 100 மெகாபிட் கேபிளில் எத்தனை ஃபைலாகப் பிரித்தாலும் அதே 11 எம்பிதான்; ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில் பிரித்து எழுதினால் முள் அங்குமிங்கும் ஓடி இன்னும் மெதுவாகலாம்; பிரித்த ஃபைலில் ஒன்று கெட்டால் மற்றவையும் பயன்படாது. வைரஸ் ஸ்கேனர் பேக்கப் ஃபோல்டரை நோண்டாமல் விலக்கு கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மெதுவான இடங்களைப் பார்த்து எரிச்சலாகி, "எதற்கு இதெல்லாம், உள் டிஸ்க் போதும்" என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை நம் மாவட்டங்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூரை பறந்து மழை உள்ளே இறங்கிய இடத்தில் சர்வரும் அதே வளாகத்து நாஸும் ஒன்றுதான். ஆகவே அந்த நாலு மணி நேரம் இழுக்கும் யூஎஸ்பி டிஸ்க் உங்களிடம் உள்ளதிலேயே மதிப்புள்ள இடம். அதைத் தினசரி வேலையிலிருந்து எடுத்துவிட்டு வாரம் ஒருமுறை ஞாயிறு ஃபைலை நகலெடுக்க மட்டும் வையுங்கள். இன்னொரு டிஸ்க் வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று எப்போதும் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ முதலாளியின் நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் சர்வரிலிருந்து எழுத முடிகிற எல்லா ஃபோல்டரையும் பூட்டிவிடும், நாஸும் அதில் அடக்கம். கழற்றிப் பீரோவில் வைத்த டிஸ்க்கை அது தொட முடியாது.

அந்த டிஸ்க் வெளியூர் போவதாலும், கிளவுடுக்கு ஏற்றுவதாலும் பேக்கப்பை, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்ய வேண்டும். 2014 பதிப்பு முதல் அந்த வசதி உண்டு. அதற்கான சான்றிதழையும் அதன் கடவுச்சொல்லையும் தனியாக எடுத்து வைக்காமல் தயவுசெய்து தொடங்காதீர்கள். சர்வரோடு சான்றிதழும் போனால் எத்தனை நகல் இருந்தாலும் ஒன்றையும் திறக்க முடியாது. கிளவுடில் மாத வாடகை குறைவு என்று ஆர்க்கைவ் வகையைத் தேர்ந்தெடுத்தால், கேட்டவுடன் ஃபைல் வராது. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் சாதாரண முறையில் கேட்டால் 12 மணி நேரம்வரை ஆகலாம். வருஷக் கடைசி நகலுக்கு அது சரி, நேற்றைய நகலுக்குச் சரிவராது.

ஒன்று நீங்கள் எழுதவேயில்லை: திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா? பேக்கப் 16 நிமிடமா 3 மணி நேரமா என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். ரீஸ்டோர் எவ்வளவு நேரம் என்பது மில் வாசலில் லாரி வரிசை நிற்கும் நாளில் எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது இழுத்த கேபிள் திரும்ப எடுக்கும்போதும் அதே 3 மணி நேரம் இழுக்கும். பேக்கப்பில் செக்சம் (ஃபைல் கெட்டால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) சேர்த்து எடுங்கள், பேக்கப் ஃபைலைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கும் வெரிஃபை ஓட்டுங்கள். ஆனால் வெரிஃபை என்பது ரீஸ்டோருக்குப் பதிலாகாது. வேறொரு கம்ப்யூட்டரில் முழுக்க ஏற்றி, டேட்டாபேஸ் சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் செக்டிபி ஓட்டி, நேற்றைய கடைசி எடைச்சீட்டு அதில் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏற்றும் கம்ப்யூட்டரில் எஸ்க்யூஎல் சர்வர் ஓடும் கணக்குக்கு வால்யூம் பராமரிப்பு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரீஸ்டோர் தொடங்கும் முன் 120 ஜிபிக்கும் பூஜ்யம் எழுதிக்கொண்டிருக்கும், எதுவும் நகராதது போலத் தெரியும். நாஸிலிருந்து எவ்வளவு, யூஎஸ்பியிலிருந்து எவ்வளவு, கிளவுடிலிருந்து எவ்வளவு என்று மூன்று நேரத்தையும் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர் எதை வாங்கச் சொல்கிறாரோ அதை வாங்கலாம்.

இந்த வாரம் கேபிளையும் ஸ்விட்ச்சையும் மட்டும் பாருங்கள். இரண்டும் கிகாபிட் என்று உறுதியான பிறகும் நாஸுக்கு 40, 50 எம்பிக்கு மேல் வரவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது நாஸின் மாடல், அதில் உள்ள டிஸ்க் எந்த வகை, ஃபோல்டர் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா, நகல் ஓடும்போது நாஸின் சிபியு எத்தனை சதவீதம் ஓடுகிறது, இந்த நாலும் எனக்கு வேண்டும்.